அப்பாவின் குதிகால்

காலை ஐந்தரை மணி. எங்கள் வீட்டில் கடிகாரம் அலறுவதற்கு முன்னரே அப்பாவின் காலடி ஓசை கேட்டுவிடும். அறையிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, பின்பு லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அந்த ஓசையைக் கேட்டுத்தான் நான் கண் விழிப்பது வழக்கம்.

சென்ற ஆண்டு பருவ விடுமுறைக்கு வீடு திரும்பிய மறுநாள் காலையில் அந்த ஓசை மாறியிருந்தது. ஓர் அடி அழுத்தமாக விழுந்தது. மறு அடி தரையில் தேய்ந்தது. இடையிடையே சுவரில் கை படும் சத்தம். கதவைத் திறந்து பார்த்தேன். வலது குதிகாலைத் தரையில் ஊன்றாமல், விரல்களால் மட்டும் மிதித்து, சுவரைப் பிடித்தபடி அப்பா நடந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒன்னுமில்லம்மா. கால் மரத்துப் போச்சு."

அந்த 'ஒன்னுமில்ல' எங்கள் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். எழுதுவதற்கு முன் அப்பாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். "எழுது, எழுது. ஆனா எங்கப்பா நல்லா ஸ்மேஷ் அடிப்பாருன்னும் சேர்த்து எழுது" என்றார்.

அப்பாவுக்கு 58 வயது. அவருக்குப் பூப்பந்து என்றால் உயிர். அவர் பிறந்து வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்மண்ணைச் சமன்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போட்டு, இரண்டு கம்பங்களுக்கு இடையே பழைய மீன்வலையைக் கட்டி ஆடிய ஆட்டம் அது. அந்தத் தோட்டத்துப் பையன்களுக்குப் பஞ்ச் குணாளன் என்றால் ஒரு தனி மரியாதை. 1971ஆம் ஆண்டு இங் பூன் பீயுடன் சேர்ந்து ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்ற நம்மவர் அல்லவா! 1992ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூர் நெகாரா அரங்கில் இந்தோனேசியாவை 3-2 என்று வீழ்த்தி மலேசியா தாமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவை அப்பா இன்றும் ஆட்டம் ஆட்டமாகச் சொல்வார். பிறகு தோட்டம் கைமாறியது. லயங்கள் உடைபட்டன. பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது அவர் விடாமல் தூக்கி வந்தவை இரண்டு. ஒன்று பாட்டியின் அம்மிக்கல், மற்றொன்று அவருடைய பூப்பந்து மட்டை.

எங்கள் தாமானின் பொது மண்டபத்தில் வாரத்திற்கு மூன்று இரவுகள் அவருடைய குழு ஆடும். ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'சிகு'. சந்தையில் மீன் விற்கும் சீன அங்கிள் ஒருவர். எங்கள் வீட்டு வரிசையிலிருந்து இரண்டு மாமாக்கள். அந்தக் குழுவிலேயே இளையவருக்கு 49 வயது! பகல் முழுவதும் அப்பா வெறும் லோரிக்காரர். சாமான் இறக்கும் இடத்தில் யார் யாரோ அவரை அதட்டுவார்கள். இரவு எட்டரை மணிக்கு மண்டபத்திற்குள் நுழைந்துவிட்டால் அவர் 'ஸ்மேஷ்'. சிகுவும் அப்படித்தான் அழைப்பார்.

இதையெல்லாம் நான் அன்று யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்குக் கால் வலிக்கிறது, காரணம் பூப்பந்து, எனவே பூப்பந்தை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். "இந்த வயசுல எதுக்குப்பா குதிக்கிறீங்க? இனிமே மட்டையைத் தொடக் கூடாது" என்று பெரிய மனுஷியைப் போல உத்தரவு போட்டேன். "சரிம்மா" என்றார். மறு பேச்சே இல்லை. அவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடுமுறை முடிந்து வளாகத்திற்குத் திரும்பிவிட்டேன்.

தீபாவளிக்கு வந்தபோது அப்பா நொண்டவில்லை. கம்பீரமாக நடந்தார். "பாத்தீங்களாம்மா, ஓய்வு எடுத்ததும் சரியாயிடுச்சு" என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அம்மா பதில் பேசாமல் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அப்பாவின் முகம் உருண்டு பூசினாற்போல் இருந்தது. வந்த உறவினர்கள்கூட, "மாமா நல்லா சதை போட்டுட்டாரு" என்றார்கள்.

விருந்தினர் எல்லாரும் போன பிறகு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே பழுப்பு நிறக் குளிகைகள். அட்டையில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவரின் படம். இரவுச் சந்தையில் யாரோ விற்ற 'ஜாமு'. நாளுக்கு இரண்டு வீதம் இரண்டு மாதங்களுக்கு மேலாக அப்பா அதை விழுங்கி வந்திருக்கிறார். போட்ட மறுநாளே வலி பறந்துவிட்டதாம். மண்டபத்திற்கும் வழக்கம்போல் போய் வந்திருக்கிறார். மட்டையும் காலணியும் லோரியிலேயே ஒளிந்திருந்தன.

"உன்கிட்ட சொல்லாதன்னாரு. நீ சத்தம் போடுவியாம்" என்றார் அம்மா.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நம் நாட்டில் முறைப்படி பதிவு பெற்ற மருந்துகளிலும் பாரம்பரிய மருந்துகளிலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும். இதில் இரண்டுமே இல்லை.

அடுத்த வேலை நாள் அப்பாவை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனேன். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அந்த இரண்டு மணி நேரமும் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவர் இளம் மலாய்ப் பெண்மணி. பொட்டலத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. பதிவு பெறாத மூட்டுவலி ஜாமு வகைகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் களவாகக் கலந்து விற்பது பற்றிச் சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. அது வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கிவிடும். அதனால்தான் வாங்கியவர்கள் மறுபடியும் தேடிப் போகிறார்கள். ஆனால், நாளாக ஆக முகம் உருண்டு வீங்கும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். எலும்பு பலம் இழக்கும். வயிற்றில் புண் வரும். இதைவிட மோசம், நெடுநாள் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவும் முடியாது. வெளியிலிருந்து வருவதால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் 'சதை போட்டுவிட்டார்' என்று மகிழ்ந்த முகம் எதனால் அப்படி ஆனது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அப்பாவின் இரத்த அழுத்தம் 160க்கு 100. சர்க்கரையும் எல்லையைத் தாண்டியிருந்தது. மருத்துவர் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அளவு தெரிந்த மாத்திரையைத் தந்து, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த வழி செய்தார். ஜாமு என்பதே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம் பாட்டிமார் வைக்கும் சுக்குக் கஷாயத்தைப் போல அதுவும் ஒரு மக்களின் கைமருந்து. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே வேறொன்றை ஒளிப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

பிறகு மருத்துவர் அப்பாவிடம் மலாயில் கேட்டார். "வலி எப்படி இருக்கும், பாக் சிக்?"

அப்பா மலாயில் சொன்ன பதில்: "சாதாரண வலிதான், டாக்டர்."

முப்பது ஆண்டுகளாக மலாய்க்காரர்களோடும் சீனர்களோடும் வேலை செய்பவர். பேரம் பேசுவார், வழி கேட்பார், கிண்டல் செய்வார். ஆனால் தன் வலியைச் சொல்ல அவரிடம் 'சாக்கிட்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, தமிழ்ல சொல்லுங்க. எப்படி வலிக்குது?"

சற்று நேரம் தரையைப் பார்த்தார். பின்பு மடை திறந்தாற்போல் வந்தது.

"காலையில எந்திரிச்சுக் கால வச்சா ஆணி அடிச்ச மாதிரி குத்துதும்மா. பத்து எட்டு நடந்தா கொஞ்சம் விடும். ரொம்ப நேரம் லோரி ஓட்டிட்டு எறங்குனா மறுபடியும் குத்தும். முட்டி அப்படி இல்ல. அது குத்தாது. படி எறங்குனா கடுக்கும். ஆடிட்டு வந்து படுத்தா ராத்திரி உள்ளுக்குள்ள குடையும்."

அதை மலாயில் சொல்வது என் வேலையாயிற்று. 'குத்துகிறது' எளிது. 'கடுக்கும்' என்பதற்கு 'லெங்ஙோ' என்றேன். 'குடையும்' என்ற இடத்தில் திணறிவிட்டேன். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி, அப்புறம் தேசிய இடைநிலைப்பள்ளி. எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் மலாயில் மனப்பாடம் செய்து எஸ்.பி.எம். தேர்வில் எழுதியவள் நான். ஆனால் அப்பாவின் முட்டி குடைவதை எந்தப் பாடநூலும் சொல்லித் தரவில்லையே! கடைசியில் 'ஙிலு' என்ற சொல் நினைவுக்கு வந்தது. பல் கூசுவதற்கும் எலும்பு குடைவதற்கும் மலாய்க்காரர்கள் சொல்லும் சொல். மருத்துவர் தலையசைத்தார். "இப்போது தெரிகிறது. இது ஒரு வலி அல்ல, இரண்டு வலிகள்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது. கால் கட்டைவிரல் திடீரென்று நள்ளிரவில் சிவந்து வீங்கிக் கொதித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் 'கௌட்' ஆக இருக்கலாம். காலையில் கைவிரல் மூட்டுகள் வெகுநேரம் மடங்காமல் இறுகிக் கிடந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். பாதம் எரிந்து மரத்துப்போனால் நரம்பைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை. எழுந்ததும் முதல் அடியில் குத்துவது, உள்ளங்காலில் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை விசிறிபோல் விரிந்திருக்கும் தடித்த திசுப் பட்டையின் கோளாறு. இரவெல்லாம் தளர்ந்து கிடக்கும் அந்தப் பட்டை, காலை ஊன்றியதும் சட்டென்று இழுபடுகிறது. முட்டியில் இருப்பது மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம்.

"எலும்பு வளந்திருக்கும்னு சொல்றாங்களே?" என்று அப்பா கேட்டார். குதிகாலில் எலும்பு நீண்டிருந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் இருக்கிறார்கள், அதனால் எலும்பின் மேல் பழியைப் போட வேண்டாம் என்றார் மருத்துவர். பூப்பந்தில் வலைக்கு அருகே விழும் பந்தை எடுக்க, வலது கைக்காரர்கள் வலது காலை எட்டி வைப்பார்கள். முதலில் தரையில் மோதுவது குதிகால், அடுத்து பாரத்தைத் தாங்குவது முட்டி. இதில் அப்பா நாளுக்கு இருபது முப்பது முறை லோரியிலிருந்து குதித்து இறங்குவதும் சேர்ந்துகொண்டது.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. கடைசியில் நானே கேட்டேன். "பூப்பந்தை நிறுத்திவிடச் சொல்லுங்கள், டாக்டர்." அவர் அப்பாவைப் பார்த்தார். "சில வாரங்கள் நிறுத்துங்கள். அப்புறம் முறையாகத் திரும்பி வாருங்கள். தேய்ந்த மூட்டுக்கு அசைவுதான் நல்லது" என்றார். அப்பாவின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பிசியோதெரபியில் சொல்லிக் கொடுத்தவை பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானவை. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கால் மேல் கால் போட்டு, விரல்களைக் கையால் முழங்காலை நோக்கி வளைத்து, பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அடுத்தது, படிக்கட்டின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குவது. மூன்று எண்ணி ஏற்றி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்க வேண்டும். இது ஒருநாள் விட்டு ஒருநாள். 2014ஆம் ஆண்டு டென்மார்க்கில் 48 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இப்படிப் பலப்படுத்தியவர்கள் மூன்றாவது மாதத்தில், வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு முடிவிலோ இரு தரப்பினரும் ஏறக்குறைய சமம். எந்த வழியில் போனாலும் இது மாதக் கணக்கில் பொறுமை கேட்கும் வேலை என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

முட்டிக்கு, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தொடைத் தசையை இறுக்கும் பயிற்சி. கூடவே எடைக் குறைப்பு. நாம் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையுமாம். இதைக் கேட்டதும் அம்மா, இரவில் மண்டபத்திலிருந்து வரும் வழியில் அப்பா குடிக்கும் தே தாரிக்கைத் தடை செய்துவிட்டார்!

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். பளிங்கு ஓட்டுத் தரை குதிகாலுக்கு எதிரி. ஆனால் தமிழர் வீட்டுக்குள் சிலிப்பரா? அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் வெளியே மிதிக்காத புதிய சிலிப்பர் ஒன்று வாங்கி, சாமி மேடைக்கு நான்கடி முன்னால் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

அதுவரை அப்பா ஆடியது மெதுவோட்டக் காலணியில். அதன் உயர்ந்த அடிப்பாகம் நேராக ஓடுவதற்கு நல்லது. பக்கவாட்டில் தாவும்போது காலைப் பிரட்டிவிடும். போதாக்குறைக்கு, மேலே புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே மெத்தை செத்துப்போயிருந்தது. கல்விக் கடனில் மிச்சம் பிடித்து, அப்பாவுக்குப் பூப்பந்துக் காலணி ஒன்று வாங்கி வந்தேன். "எதுக்கும்மா வீண் செலவு" என்று திட்டிக்கொண்டே அதைக் கவிழ்த்து, அடிப்பாகத்தை விரலால் அழுத்தி, மோந்து பார்த்தார். "ரப்பருடி. உங்க தாத்தா பாட்டி வெட்டுன பாலு இப்பத்தான் என் காலுக்கு வந்திருக்கு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அப்பா மீண்டும் மண்டபத்திற்குப் போனார். இம்முறை ஒளிக்கவில்லை. எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் போனார். குழுவினரிடமும் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அங்கேதான் வேடிக்கை! அப்பா வாயைத் திறந்ததும் ஒவ்வொருவராகத் திறந்திருக்கிறார்கள். சிகு ஓராண்டாகக் கால்சட்டைக்குள் முட்டிப் பட்டை போட்டுக்கொண்டுதான் ஆடுகிறாராம். மீன்கடை அங்கிளுக்குக் கௌட். மாமா ஒருவர் ஆட்டத்துக்கு முன் தினமும் வலி மாத்திரை போடுகிறார். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகள் ஒரே வலையின் இரு பக்கமும் நின்று ஆடியவர்கள். ஒருவர் வலி மற்றவருக்குத் தெரியவில்லை.

இப்போது அவர்கள் ஆட்டம் மாறியிருக்கிறது. முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுவது. வாரத்துக்கு மூன்று இரவு இரண்டாகிவிட்டது, இடையில் ஓய்வு நாள். இரட்டையர் மட்டும். 21 புள்ளிக்குப் பதில் 15. எட்டாத பந்தை எட்டி எடுக்கக் கூடாது. விட்டவரைக் கிண்டல் செய்யவும் கூடாது. வலிக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பத்துக்கு மூன்று வரை வலித்தால் ஆடலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு அவர் புள்ளி எண்ணும் நடுவர்.

அப்பா முழுதாகக் குணமாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். குதிகால் பெரும்பாலும் தேறிவிட்டது. தேய்ந்த முட்டி பழையபடி ஆகாது. சர்க்கரை இறங்கிவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை தொடர்கிறது. ஒருநாள் அவர் மட்டையை வைத்துவிடத்தான் வேண்டும். அந்த நாளை அவரே சொல்லட்டும். நான் அன்று போட்ட உத்தரவில் அன்பு இருந்தது உண்மைதான். ஆனால் 'நிறுத்துங்கள்' என்று சொன்ன நான், 'எப்படி வலிக்கிறது?' என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுக்குள் வந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நண்பர்களே, நம்மில் பலருடைய பெற்றோர் நின்றும், குனிந்தும், சுமந்தும் நம்மை இந்த வளாகத்திற்கு அனுப்பியவர்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, விடியற்காலையில் அவர்கள் நடக்கும் ஓசையைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். 'ஒன்னுமில்ல' என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். குத்துகிறதா, கடுக்கிறதா, குடைகிறதா என்று கேளுங்கள். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். இரண்டு மொழிப் பள்ளிகளில் படித்த நமக்கு அது முடியும்.

சென்ற வாரம் வீட்டில் இருந்தேன். ஐந்தரை மணிக்கு அப்பாவின் அறையிலிருந்து காலடி ஓசை கேட்கவில்லை. மெல்லிய குரலில் எண்ணும் சத்தம்தான் கேட்டது. "எட்டு... ஒன்பது... பத்து." சற்று நேரம் கழித்துச் சிலிப்பர் ஓசை. இரண்டு அடிகளும் ஒரே மாதிரி விழுந்தன. நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டேன்.